ஒரு நாள் பிந்திய முத்திரை

மதுரையிலிருந்து தெற்கு நோக்கி விரையும் இரயிலில் என்றேனும் பகற்பொழுதில் பயணம் செய்திருக்கிறீர்களா? விருதுநகரைக் கடந்ததும் சன்னலுக்கு வெளியே பாருங்கள். மண் மெல்ல மெல்லக் கருமை கொள்ளும். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை விரிந்து கிடக்கும் கரிசல் காடு. இடையிடையே சீமைக்கருவேல மரங்கள். எங்கோ ஓர் ஊருணி. அதன் கரையில் ஒற்றைப் பனை. வற்றாத ஆறு என்று சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. வானத்தை நம்பியே வாழும் பூமி இது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளந்து நிற்கும் இதே மண், ஐப்பசி மழை விழுந்துவிட்டால் நடப்பவர் காலைப் பற்றிக்கொண்டு விட மறுக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மிளகாயும் அந்த ஒரு மழையை நம்பி விதைக்கப்படுகின்றன.

இந்தக் கரிசல் பூமியின் நடுவே அமைந்த ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர் பெற்றது. இவ்வூர்க் கடலைமிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அண்டையிலுள்ள இடைசெவல், கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்னும் இரு பெரும் எழுத்தாளர்களைத் தந்த சிற்றூர். அழகிரிசாமி தம் நண்பர் ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் தனி நூலாகவே வெளிவந்துள்ளன. கடிதத்தின் அருமை அறிந்த மண் என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

அண்மையில் நான் கோவில்பட்டிக்குச் சென்றது கடலைமிட்டாய் வாங்குவதற்கன்று. ஒரு பெட்டி நிறையக் கடித உறைகளைப் பெற்றுக்கொள்வதற்காகவே சென்றேன். அந்தப் பெட்டியின் கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

தகரப்பெட்டி

என் தாயாரின் மூத்த சகோதரர் தபால் இலாகாவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றியவர். சென்ற ஆண்டு அவர் வஃபாத்தானார். "உங்க மாமா இதை உங்க கையில ஒப்படைக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க, தம்பி. வந்து வாங்கிக்குங்க" என்று மாமி சொல்லியனுப்பியிருந்தார். சென்றேன். கூடத்து மூலையில் ஒரு பச்சைத் தகரப்பெட்டி. திறந்தால், வெள்ளைத் தாள்களுக்கிடையே வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட தபால் உறைகள்.

அவை யாவும் ராக்கெட்டுகளும் செயற்கைக்கோள்களும் விண்ணில் ஏவப்பட்ட நாள்களோடு தொடர்புடைய உறைகள். தபால் தலை சேகரிப்பவர்களை நீங்கள் அறிவீர்கள். இது அதனின்று சற்று வேறானது. இங்கே தலையைக் காட்டிலும் அதன்மேல் விழுந்த முத்திரைக்கே மதிப்பு. ராக்கெட் கிளம்பிய அதே நாளில், ஏவுதளத்துக்கு அருகிலுள்ள தபால் நிலையத்தில் முத்திரை பெற்ற உறையே இத்துறையில் உயர்வாகக் கருதப்படுவது. உறையில் அழகான படம் அச்சிட்டிருக்கலாம். வெறும் வெள்ளை உறையாகவும் இருக்கலாம். ஊரும் நாளும் பொருந்தி வரவேண்டும் என்பதே முக்கியம்.

ஏன் அவ்வளவு முக்கியம் என்று மாமாவிடம் ஒருமுறை கேட்டேன். அதற்கு அவர், தபால் நிலையத்தில் தமக்கு நாள்தோறும் முதல் வேலையாக இருந்ததைச் சொன்னார். காலையில் அலுவலகம் திறந்ததும் முத்திரைக் கட்டையில் அன்றைய தேதியை மாற்றிக் கோக்க வேண்டும். பிறகு அதற்கென்றே உள்ள பதிவேட்டில் அந்த முத்திரையை ஒருமுறை பதித்து, தேதி சரிதானா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே பொதுமக்களின் கடிதங்களைத் தொடலாம். "தேதி என்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், மருமகனே. நீதிமன்றத்தில்கூட அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்" என்பது அவர் வாக்கு.

கொழும்பிலிருந்து வந்த கடிதம்

பெட்டியில் முதலாவதாக இருந்த உறையில் ராக்கெட் படமும் இல்லை. விண்வெளி பற்றிய ஒரு சொல்லும் இல்லை. அது என் பாட்டனார் கொழும்பிலிருந்து என் பாட்டியாருக்கு எழுதிய கடிதத்தின் உறை. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் அவர் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலம். உறையின் முகப்பில் கொழும்பு முத்திரை: 1957 அக்டோபர் 4. முதுகில் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்த முத்திரை: அக்டோபர் 7. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலேறி, பின் இரயிலேறி வந்த கடிதம் அது.

சோவியத் நாடு உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவிய நாள் 1957 அக்டோபர் 4 என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த ஏவுதலை எவரும் முன்கூட்டி அறிவிக்கவில்லை. ஆகவே அந்நாளுக்கென்று உறை அச்சிட்டு ஏவுதளத்தருகே காத்திருந்த சேகரிப்பாளர் எவரும் இலர். மாமா இன்னொரு நுட்பத்தையும் சுட்டிக்காட்டுவார். மாஸ்கோவில் அது 4-ஆம் தேதி இரவு பத்தரை மணி. நம் நாட்டிலும் இலங்கையிலும் நள்ளிரவு கடந்து 5-ஆம் தேதி பிறந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எனவே என் பாட்டனார் அந்தக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டபோது பூமியைச் சுற்றி மனிதன் செய்த பொருள் ஒன்றும் இல்லை. பாட்டியார் அதைப் பிரித்தபோது வானில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. இரு முத்திரைகளுக்கும் இடையே ஒரு யுகம் மாறிவிட்டது.

உள்ளே எழுதியிருந்ததோ முற்றிலும் வேறு செய்தி. மழை விழுந்ததா, விதைப்பு ஆயிற்றா என்ற விசாரிப்புக்குப் பின் இப்படி ஒரு வேண்டுகோள்: பையனைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்பிவிட வேண்டாம், அடுத்த மாதம் எப்படியும் பணம் அனுப்புகிறேன், பள்ளிக்கூடத்தை நிறுத்தாதே. அக்காலத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் இப்பகுதிப் பிள்ளைகள் பலர் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டுத் தீக்குச்சிக் கட்டை அடுக்கச் சென்றனர் என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். அந்தப் 'பையன்' பன்னிரண்டு வயதான என் மாமாதான். அக்கடிதம் உரிய நாளில் வந்து சேராதிருந்தால் அவர் தபால் இலாகாவில் எழுத்தராகியிருப்பாரா? "எனக்கு முதல் ராக்கெட் இதுதான்" என்று அந்த உறையைக் காட்டிச் சொல்வார்.

கல்கத்தாவின் தபால் ராக்கெட்

ராக்கெட்டுக்கும் தபாலுக்கும் உள்ள உறவு ஸ்புட்னிக்குக்கும் முந்தையது. அதில் நம் இந்தியாவுக்கு மகத்தான பங்கு உண்டு என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்?

ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் ஷ்மீடல் என்பவர் 1931 பிப்ரவரி 2 அன்று மலையுச்சி ஒன்றிலிருந்து 102 கடிதங்களை ராக்கெட்டில் வைத்து அடிவாரத்துச் சிற்றூருக்கு அனுப்பினார். மலைநாட்டில் நடந்துசெல்லப் பல மணி நேரம் பிடிக்கும் பாதையைச் சில நிமிடங்களில் கடக்கலாம் அல்லவா? மூன்றாண்டுகள் கழித்துக் கல்கத்தாவில் ஸ்டீபன் ஸ்மித் என்பவர் அதே முயற்சியைக் கையிலெடுத்தார். 1891-இல் ஷில்லாங்கில் பிறந்த ஆங்கிலோ இந்தியர் அவர். இந்திய விமானத் தபால் சங்கத்தின் செயலாளராக இருந்தார்.

1934 செப்டம்பர் 30 அன்று, ஹூக்ளி ஆறு கடலில் கலக்குமிடத்திலுள்ள சாகர் தீவை நோக்கி ஒரு கப்பலிலிருந்து அவர் தம் முதல் தபால் ராக்கெட்டைச் செலுத்தினார். அது நடுவானிலேயே வெடித்துச் சிதறியது. உள்ளேயிருந்த கடிதங்கள் பறந்து விழுந்தன. அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். மனம் தளர்ந்தாரா ஸ்மித்? இல்லை. 1935 ஏப்ரலில் சிக்கிம் மன்னரின் ஆதரவோடு மலைப் பள்ளத்தாக்குகளுக்குக் குறுக்கே ராக்கெட்டுகளை விட்டார். தேயிலை, சர்க்கரை முதலிய சிறு பொட்டலங்களையும் அவற்றில் அனுப்பினார். அவ்வாண்டு ஜூன் 29 அன்று ஒரு சேவலையும் கோழியையும் தாமோதர் ஆற்றுக்கு அக்கரையில் உயிரோடு கொண்டு சேர்த்தார். 1944 வரை ஏறத்தாழ 270 ராக்கெட்டுகளை அவர் ஏவினார் என்பது கணக்கு.

வெள்ளத்தாலும் நிலநடுக்கத்தாலும் துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கு மருந்தையும் உணவையும் இவ்வாறு அனுப்பலாம் என்பதே அவர் கண்ட கனவு. 1951-இல் அவர் மறைந்தபோது அந்தக் கனவு கைகூடவில்லை. ஆயினும் அவருடைய ராக்கெட்டில் பயணம் செய்த உறைகள் இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்களால் தேடப்படுகின்றன. 1992-இல் இந்தியத் தபால் துறை அவர் நினைவாகத் தபால் தலையொன்றை வெளியிட்டது. மாமாவின் பெட்டியில் அந்தத் தலை ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. ஸ்மித் ஏவிய உறை ஒன்றை வாங்க வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. ஓய்வூதியத்தில் அது இயலாமலே போயிற்று.

இதில் இன்னொரு விந்தையையும் காணுங்கள். ஸ்மித்தின் ராக்கெட்டுகளைச் செய்து தந்தது கல்கத்தாவில் இருந்த வாணவேடிக்கை நிறுவனம் ஒன்று. அதே கல்கத்தாவுக்கு 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். வானம் பொய்த்த கரிசல் பூமியில் அத்தொழில் வேரூன்றிப் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அறிவு ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. கடிதத்தைப் போல ஊர்விட்டு ஊர் செல்கிறது.

அமெரிக்கரும் இம்முயற்சியை விட்டுவைக்கவில்லை. 1959 ஜூன் 8 அன்று நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றிலிருந்து 3,000 கடிதங்களை ஓர் ஏவுகணையில் வைத்துப் புளோரிடா கரைக்கு அனுப்பினர். இனி ஏவுகணைத் தபால்தான் என்று அப்போது பெருமையோடு பேசினார்கள். ஆனால் விமானம் அதைவிட மலிவாகவும் பத்திரமாகவும் கடிதங்களைச் சுமந்ததால் அந்த முயற்சி தொடரவில்லை.

குடும்பத்துக்கென ஒப்பமிட்ட உறைகள்

1969 ஜூலை 16 அன்று அப்பொல்லோ 11 விண்கலம் நிலவை நோக்கிக் கிளம்பியது. ஆம்ஸ்டிராங், ஆல்டிரின், காலின்ஸ் ஆகிய மூவரும் புறப்படுமுன் ஒரு காரியம் செய்தார்கள். தபால் உறைகள் பலவற்றில் தங்கள் கையொப்பத்தை இட்டு, நம்பிக்கையான நண்பரிடம் ஒப்படைத்தார்கள். அவை முக்கியமான நாள்களில் தபாலில் சேர்க்கப்பட்டு முத்திரை பெற்று, அவர்களுடைய இல்லங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். எதற்காக? தாங்கள் திரும்பி வராவிட்டால் அவற்றை விற்றுக் குடும்பம் பிழைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. அத்தகைய பயணத்துக்குத் தக்க பெருந்தொகை ஆயுள் காப்பீடு அவர்கள் சம்பளத்துக்கு எட்டாத பொருளாக இருந்தது. சேகரிப்பாளர்கள் இவற்றைக் 'காப்பீட்டு உறைகள்' என்றே அழைக்கிறார்கள். நிலவில் கால்வைத்தவரும் வீட்டின் அடுப்பை மறக்கவில்லை.

ஆனால் இதே உறைகள் மனிதரைச் சறுக்கவும் வைத்தன. 1971-இல் அப்பொல்லோ 15 பயணத்தில் சென்றவர்கள், அனுமதி பெறாத ஏறத்தாழ 400 உறைகளை மறைவாக நிலவுக்குக் கொண்டுசென்று திரும்பினர். அவற்றில் 100 ஜெர்மனி நாட்டு வணிகர் ஒருவரிடம் சென்று விற்பனைக்கு வந்தன. செய்தி வெளிப்பட்டதும் அவர்கள் கண்டனத்துக்கு ஆளாயினர். மீண்டும் விண்ணில் பறக்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிட்டவில்லை. காகிதம் ஒன்றே, முத்திரையும் உண்மையானதே. ஆயினும் ஒன்று குடும்பத்தின் காப்பாயிற்று, மற்றொன்று பழியாயிற்று. எடுத்துச் சென்ற வழிதான் வேறு.

தும்பாவும் ஸ்ரீஹரிகோட்டாவும்

நம் நாட்டின் விண்வெளிக் கதை திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவக் கிராமத்தில் தொடங்குகிறது. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூரை ஒட்டிச் செல்வதால், வானத்தின் மேலடுக்குகளை ஆராய அது ஏற்ற இடமாக அமைந்தது. அங்கிருந்த மாதா கோவிலையும் ஆயர் இல்லத்தையும் ஊரார் ஆராய்ச்சிக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று மாலை முதல் ராக்கெட் அங்கிருந்து எழும்பியது. அதன் பாகங்களை ஒன்றிணைத்து, பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவர் இராமேசுவரத்து இளைஞரான அப்துல் கலாம். அதற்குமுன் பயிற்சிக்காக அமெரிக்கா சென்றபோது, அங்குள்ள ஏவுதளக் கூடத்தில் திப்பு சுல்தானின் படை ஆங்கிலேயர்மீது ராக்கெட் தொடுக்கும் ஓவியத்தைக் கண்டு வியந்ததை அவர் தம் நூலில் எழுதியிருக்கிறார்.

மாமாவிடம் தும்பாவின் முதல் நாள் உறை இல்லை. "அப்போது எனக்குப் பதினெட்டு வயது, இந்த எண்ணமே இல்லை" என்பார். ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டு உறைகளை அடுத்தடுத்து வைத்திருந்தார். ஏவுதளத்துக்கு அருகிலுள்ள சூளூர்ப்பேட்டையில் வாழ்ந்த நண்பர் ஒருவர் அவருக்காகத் தபாலில் சேர்த்தவை அவை.

முதல் உறையின் முத்திரை 1979 ஆகஸ்டு 10. அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ஐந்து நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் கலாம். பத்திரிகையாளர்கள் முன்னிலையில் தோல்விக்குப் பொறுப்பேற்றவரோ தலைவர் சதீஷ் தவான். இரண்டாம் உறையின் முத்திரை 1980 ஜூலை 18. அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இம்முறை பத்திரிகையாளரைச் சந்திக்குமாறு கலாமை முன்னே அனுப்பினார் தவான். தோல்வி நாளின் உறையைப் பலர் தூக்கியெறிந்துவிடுவார்கள். மாமா அதைத்தான் முதலில் வைத்தார். "அது இல்லாமல் இது இல்லை" என்றார்.

குலசைப் பயணம்

இனி, என் பங்குக்கு நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

கோவில்பட்டி அமைந்துள்ள அதே தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், கடலோரம் இருப்பது குலசேகரப்பட்டினம். மக்கள் 'குலசை' என்பார்கள். நாட்டின் இரண்டாவது விண்வெளி ஏவுதளத்துக்கு அவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கிச் செல்லும் ராக்கெட், இலங்கைத் தீவின்மேல் பறக்காதிருக்க வளைந்து செல்ல வேண்டும். அதனால் எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து தெற்கே நேராகக் கடல்தான். சிறிய ராக்கெட்டுகளுக்கு இது பேருதவி. 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அதற்கு அடிக்கல் நாட்டினார். அன்றே அங்கிருந்து ஆர்.எச்.200 என்னும் சிறு ஆய்வு ராக்கெட் ஒன்றும் ஏவப்பட்டது.

அதற்கு முந்தைய நாள் நான் கோவில்பட்டியில் இருந்தேன். மாமாவுக்குக் கால்வலி, பேருந்தில் அவ்வளவு தூரம் செல்ல இயலாது. தலை ஒட்டி, தம் முகவரியைத் தாமே எழுதிய உறையை என்னிடம் தந்து, "நாளைக்குக் குலசை தபால் நிலையத்தில் கையிலேயே முத்திரை குத்தி வாங்கிச் சேர்த்துவிடு, மருமகனே" என்றார். சரி என்றேன். மறுநாள் கயத்தாறில் உறவினர் வீட்டுத் திருமண விருந்து. விருந்து முடிந்து பேச்சு நீண்டது. ஒரு நாள்தானே, நாளை போனால் போயிற்று என்று இருந்துவிட்டேன்.

29-ஆம் தேதி காலை பேருந்து ஏறினேன். வாசகர்களே, அந்தப் பாதையில் நீங்கள் ஒருமுறையேனும் செல்ல வேண்டும். முதலில் எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருக்கும் ஊர். அதுவரையிலும் அதற்கப்பாலும் கரிசல். பருத்திச் செடிகள் வெயிலில் காய்ந்து நின்றன. தூத்துக்குடியை நெருங்கியதும் மண் வெளிறி, உப்பளங்களில் வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. காயல்பட்டினத்தின் பழமையான பள்ளிவாசல்களையும் திருச்செந்தூரையும் கடந்தால், மண் இரத்தச் சிவப்பாகிவிடுகிறது. தேரி மணல், அதன்மேல் பனங்காடு. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலான தொலைவில் கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாக மூன்று மண். முடிவில் நீலக் கடல்!

குலசையில் முந்தைய நாளின் பரபரப்பு ஓய்ந்திருந்தது. சாலையோரத்தில் வரவேற்பு வளைவின் கம்புகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தபால் நிலையத்தில் உறையை நீட்டினேன். முத்திரை விழுந்தது: 29-02-2024. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் தேதி. ஆனால் ராக்கெட் கிளம்பிய தேதி அன்று.

உறை கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்த நாளில் மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சேகரிப்பாளர் வட்டத்தில் அறிமுகமான வணிகர் ஒருவர், சிறு தொகை தந்தால் வேண்டிய தேதியில் வேண்டிய ஊர் முத்திரையை 'ஏற்பாடு' செய்யலாம் என்று முன்பு என்னிடம் சொல்லியிருந்தார். அதை மாமாவிடம் மெல்லச் சொன்னேன். பார்ப்பவர் எவருக்கும் வேறுபாடு தெரியாதே என்றும் சொன்னேன்.

மாமா கோபப்படவில்லை. கொழும்புக் கடிதத்தை எடுத்து என் கையில் வைத்தார். "இதில் உள்ள தேதி பொய் என்று நாளை ஒருவன் சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்? ஒரு பொய்யை இந்தப் பெட்டிக்குள் வைத்தால், மற்ற எல்லாவற்றையும் எவன் நம்புவான்?" என்றார். பிறகு ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி, அந்த உறையோடு சேர்த்து வைத்தார். அதை இப்போதுதான் முழுமையாகப் படித்தேன்: "ஒரு நாள் பிந்தியது. பிழை என்னுடையது. நானே போயிருக்க வேண்டும்."

என் பிழையை அவர் தம் கணக்கில் எழுதிக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம்

இத்துறையில் ஈடுபட எண்ணும் இளைஞர்களுக்கு மாமா சொல்லும் சில குறிப்புகளை இங்கே தருகிறேன். பழைய உறையிலிருந்து தலையை வெட்டி எடுக்காதீர்கள். தலையும் முத்திரையும் முகவரியும் சேர்ந்திருந்தால்தான் அது சாட்சி. பசை, ஒட்டுநாடா, குண்டூசி, இரப்பர் வளையம் எதுவும் உறைமேல் படக்கூடாது. பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்துச் சூடாக்கி ஒட்டிவிடுவது உறையைக் கொல்வதாகும். குறிப்பெழுத வேண்டுமானால் தனித் தாளில் பென்சிலால் எழுதுங்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள். பயிரை வாட்டும் நம் கரிசலின் வறண்ட காற்று காகிதத்துக்கு நன்மையே செய்கிறது. கடலோர ஊர்களில் வாழ்பவர்கள்தான் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

விலை கொடுத்து வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். முத்திரையின் தேதிக்கு முன்பே அந்தத் தபால் தலை வெளியாகிவிட்டதா? அதே தபால் நிலையத்திலிருந்து அதே காலத்தில் வந்த சாதாரணக் கடிதங்களின் முத்திரையோடு எழுத்தும் வட்டமும் ஒத்திருக்கின்றனவா? மை, தலையின்மீதும் உறையின்மீதும் ஒரே சீராக ஓடியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இடறினாலும் விலகிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் உங்கள் வீட்டுப் பரணைத் தேடுங்கள். கொழும்பிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் நம் முன்னோர் எழுதிய கடிதங்கள் எத்தனை குடும்பங்களில் கரையானுக்கு இரையாகின்றன! அவற்றில் ஒன்றில் உலகம் மாறிய நாள் ஒன்றின் முத்திரை இருக்கக்கூடும். இல்லாவிடினும், உங்கள் குடும்பத்தின் தலைவிதி மாறிய நாள் ஒன்று நிச்சயம் இருக்கும்.

பெட்டியின் அடியில் கடைசியாக ஓர் உறை இருந்தது. தலை ஒட்டப்பட்டிருந்தது, முத்திரை இல்லை. பெறுநர் இடத்தில் மாமாவின் நடுங்கிய கையெழுத்தில், எட்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேத்தியின் பெயரும் கோவில்பட்டி முகவரியும். மேல் மூலையில் பென்சிலால் மெல்லிய கோட்டில் எழுதியிருந்தார்: "குலசை. முதல் செயற்கைக்கோள் கிளம்பும் நாள்."

மாமி ஒரு தட்டில் கடலைமிட்டாயும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். உறையை நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "இந்தத் தடவையாவது அன்னைக்கே போயிருவீங்களா, தம்பி?" என்று கேட்டார்.

இன்ஷா அல்லாஹ், முந்தைய நாள் இரவே குலசைக்குப் போய்விடுவேன், மாமி என்றேன்.